இலிஷும் இறாலும்: கொல்கத்தா டெர்பியை எதிரணி நண்பரோடு பார்ப்பது எப்படி

மோகன் பகான் 1889இல் தொடங்கிய கொல்கத்தா கால்பந்து கிளப். 1911இல் பிரிட்டிஷ் ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையைத் தூக்கியது. அதன் பரம எதிரணியான ஈஸ்ட் பெங்கால் பிறந்ததே ஒரு மோகன் பகான் ஆட்டத்தால்தான். 1920 ஜூலையில் மோகன் பகானுக்கு எதிராக ஜோராபகான் கிளப் இறங்கியபோது சைலேஷ் போஸ் என்ற ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்டார்கள். அந்தக் கோபத்தில் வெளியேறிய ஜோராபகான் நிர்வாகி சுரேஷ் சந்திர சௌத்ரி, அடுத்த சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 1ஆம் தேதி, புதிய கிளப்பைத் தொடங்கினார். 1925இல் லீக்கில் முதன்முதலாக மோதியபோது ஈஸ்ட் பெங்கால் 1–0 என வென்றது. அதன்பின் நூறாண்டு ஓடிவிட்டது.

இந்த இரு கிளப்களும் மோதும் மேட்ச்தான் கொல்கத்தா டெர்பி. அதற்குப் போகும் ஒவ்வொரு வீட்டிலும், அலுவலகத்திலும், டீக்கடையிலும் எதிரணிக்காரர் ஒருவர் இருப்பார். அவரை எப்படி ஓட்டுவது, எங்கே நிறுத்துவது, மேட்ச் முடிந்தபின் எப்படி ஒரே மேசையில் உட்காருவது என்பதற்குக் கைவேலை போலக் கற்றுக்கொள்ள வேண்டிய முறைகள் உண்டு. மனது நல்லதாக இருந்தால் போதாது. 60,000 பேர் கூடும் இடத்தில் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடுதான் காப்பாற்றும்.

முதலில் யார் யாரென்று தெரிந்துகொள்ளுங்கள்

மோகன் பகானின் நிறம் பச்சையும் மெரூனும், சின்னம் பாய்மரப் படகு. ஈஸ்ட் பெங்காலுக்குச் சிவப்பும் பொன்னும், சின்னம் தீப்பந்தம். மேற்கு வங்கத்தையே பூர்வீகமாகக் கொண்டவர்களைக் ‘கொட்டி’ என்பார்கள். வங்காளியில் அது சொம்பு. கிழக்கு வங்கத்திலிருந்து, பெரும்பாலும் பிரிவினையை ஒட்டி, வந்தவர்கள் ‘பாங்கால்’. முதல் கூட்டம் பெரும்பாலும் மோகன் பகான், இரண்டாவது ஈஸ்ட் பெங்கால். ஆனால் ஒருவரின் பூர்வீகத்தைக் கேட்டுவிட்டு அவருடைய கிளப் இதுதான் என்று முடிவுகட்டாதீர்கள். கல்யாணம், பள்ளிக்கூட நட்பு, சின்ன வயதில் பிடித்துப்போன ஓர் ஆட்டக்காரர் என்று கட்சி மாற ஆயிரம் காரணம் உண்டு. “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று நேராகவே கேட்கலாம். அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை.

பந்தயம்: பணம் வேண்டாம், மீன் போதும்

ஈஸ்ட் பெங்காலுக்கு இலிஷ் மீன், மோகன் பகானுக்குச் சிங்ரி, அதாவது இறால். இலிஷை நம் மீன்கடைகளில் உல்லம் என்பார்கள். நண்பரோடு பந்தயம் கட்டுவதானால் இந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள்: தோற்றவர் ஜெயித்தவரின் மீனை வாங்கி, சமைத்து, கூடவே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். டிரா ஆனால் இருவரும் பாதிப் பாதி காசு போட்டு இரண்டையும் சமைப்பது. பணப் பந்தயத்தில் தோற்றவர் காசைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். மீன் பந்தயத்தில் அவரும் இலை போட்டு உட்கார வேண்டும், அங்கேதான் கோபம் ஆறுகிறது. எனவே கூடவே உட்கார்ந்து சாப்பிடும் பகுதியை யாருக்காகவும் தளர்த்தாதீர்கள்.

இலிஷ் வாங்குபவர் கவனிக்க: மழைக்காலம்தான் அதன் பருவம். குளிர்காலத்து டெர்பி என்றால் கிடைப்பது பெரும்பாலும் ஐஸில் வைத்ததுதான். மேற்கு வங்கத்தில் 23 சென்டிமீட்டருக்குக் குறைவான குஞ்சு இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் தடை. மலிவாக வருகிறதே என்று அதை வாங்காதீர்கள். ஒரு கிலோ மீன் நாலு பேருக்குப் போதும், ஆளுக்கு இரண்டு துண்டு வரும். முழு மீனாகவே கழுவிவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டியபின் தண்ணீரில் அலசினால் அந்த மீனின் கொழுப்பும் மணமும் அதோடு போய்விடும்.

இரண்டு மேசைக்கரண்டி கருங்கடுகு, ஒரு மேசைக்கரண்டி மஞ்சள் கடுகு. இரண்டையும் 20 நிமிடம் ஊறவைத்து, 3 பச்சை மிளகாயும் கொஞ்சம் உப்பும் சேர்த்து அரைக்க வேண்டும். உப்பும் மிளகாயும் இல்லாமல் அரைத்தாலோ, மிக்ஸியில் நெடுநேரம் ஓடவிட்டாலோ கடுகு கசந்துவிடும். மஞ்சள்தூள், பச்சையாகவே 4 மேசைக்கரண்டி கடுகெண்ணெய், இந்த விழுது, மீன் எல்லாவற்றையும் மூடி இறுகும் எவர்சில்வர் டிபன் டப்பாவில் போட்டு, கொதிநீரில் வைத்து 12 முதல் 15 நிமிடம் அவித்தால் ஆயிற்று. முதல்முறை சாப்பிடும் நண்பருக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: இலிஷில் முடிபோன்ற கவை முள் நிறைய. சோற்றோடு பிசைந்து அள்ளி விழுங்கக்கூடாது. சதையை முதலில் விரலால் பிரித்து முள்ளைத் தனியே வைத்துவிட்டுத்தான் சோற்றைத் தொட வேண்டும்.

இறால் எளிது. பெரிய நன்னீர் இறாலாக வாங்கி, முதுகுக் குடலை எடுத்துவிட்டு, தலையை விட்டு வையுங்கள். குழம்பின் சுவை அதில்தான் இருக்கிறது. இரண்டு நிமிடம் வதக்கி, தேங்காய்ப்பாலில் ஐந்தாறு நிமிடம். அதற்கு மேல் போனால் ரப்பர்தான்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

ஸ்கோரைச் சொல்லி ஓட்டலாம். 1975 ஷீல்டு இறுதியில் ஈஸ்ட் பெங்கால் 5–0 என வென்றது. அவர்கள் ஐந்து விரலை விரித்துக் காட்டினால் அதற்கு அர்த்தம் அதுதான். மோகன் பகான்காரரிடமும் பதில் இருக்கிறது: 2009 அக்டோபரில் 5–3, சிடி எடே ஒருவரே நாலு கோல். தவறவிட்ட பெனால்டி, பழைய பயிற்சியாளர், காலியான கோப்பை அலமாரி, மீன் விலை எல்லாவற்றையும் இழுக்கலாம்.

பூர்வீகத்தை இழுக்கக்கூடாது. ஈஸ்ட் பெங்கால் ரசிகரைப் பார்த்து ‘முள்வேலி’ என்று சொல்லும் கூட்டம் ஒன்று உண்டு. அது கால்பந்துக் கிண்டலே இல்லை. வீட்டைப் பூட்டக்கூட நேரமில்லாமல் எல்லை தாண்டி வந்த தாத்தா பாட்டியைப் பற்றிய பேச்சு. இடம்பெயர்ந்தவர்களின் வலியைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ‘மாச்சா’, ‘லோட்டா’ என்று இரு தரப்பும் ஒருவரை ஒருவர் அழைப்பதும் காதில் விழும். அந்தச் சொற்கள் உள்ளூர் நண்பர்களுக்குள் செல்லும். வெளியூரிலிருந்து வந்த நீங்கள் எடுத்து வீசாதீர்கள். அம்மா, தங்கை, மதம், தோலின் நிறம், இறந்தவர்கள் ஆகியவற்றைத் தொடவே கூடாது.

ஆட்டக்காரரின் பெயரைக் கேலி செய்வதும் நல்ல யோசனையல்ல, அதற்கு வரலாறே சாட்சி. 1997 ஜூலை 13, பெடரேஷன் கோப்பை அரையிறுதி. மேட்சுக்கு முன் மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா, ஈஸ்ட் பெங்காலின் ஓமோலோவை ஆம்லெட் என்றும், சோசோவை ‘ஷோஷா’, அதாவது வெள்ளரிக்காய் என்றும் சொல்லி வைத்தார். எதிர்முகாமில் பயிற்சியாளராக இருந்த பி.கே. பானர்ஜி அந்தப் பேச்சையே தன் பையன்களுக்கு மருந்தாகக் கொடுத்தார். 1,31,000 பேருக்கு மேல் பார்த்த அந்த ஆட்டத்தில் பாய்ச்சுங் பூட்டியா ஹாட்ரிக் அடிக்க, ஈஸ்ட் பெங்கால் 4–1 என வென்றது.

சால்ட் லேக்கில் ஒரு நாள்

பெரிய டெர்பிகள் சால்ட் லேக் ஸ்டேடியத்தில் நடக்கின்றன. ஹவுரா மெயிலில் சென்னையிலிருந்து வருபவர் ஹவுரா நிலையத்திலேயே மெட்ரோவின் பச்சை வழித்தடத்தைப் பிடித்தால் ஸ்டேடியம் வாசலுக்கே வந்துவிடலாம். ஸ்மார்ட் கார்டில் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்துப் பணம் போட்டு வையுங்கள். இரவில் டிக்கெட் கவுண்டர் வரிசையில் இரண்டு நிறமும் இடித்துக்கொண்டு நிற்கும், சண்டை தொடங்க அதைவிடத் தோதான இடம் கிடையாது.

நண்பர் எதிரணி என்றால் ஒரே கேலரியில் சேர்ந்து உட்கார முயலாதீர்கள். இது எங்கள் உறுதியான கருத்து. சாதாரணச் சட்டை போட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் தோன்றும். கோல் விழும்போது உடம்பு தானாக எழுந்துவிடும், சுற்றியிருக்கும் ஆயிரம் பேருக்கும் தெரிந்துவிடும். தனித்தனி கேலரிக்கு டிக்கெட் எடுங்கள். டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட் எண் எந்தக் கிளப்பின் பக்கம் என்று வாங்கும்போதே உறுதிசெய்யுங்கள். ஜெர்சியை அந்தக் கேட்டை நெருங்கியபின் போட்டுக்கொள்வது நல்லது.

திரும்பச் சந்திக்கும் இடத்தைக் காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். கூட்டத்தில் போன் சிக்னல் கிடைக்காது. ஸ்டேடியம் வாசலோ ஸ்டேடியம் மெட்ரோ நிலையமோ வேண்டாம். சியால்தா பக்கம் அடுத்த நிலையமான பூல்பாகான் சரியாக இருக்கும், நடந்தும் வந்துவிடலாம். “மேட்ச் முடிந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, இன்ன வாசலில்” என்று நேரமும் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

ஆரம்பத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கேட்டில் இருங்கள். பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், குடை, கொடிக்கம்பு எதையும் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். குழந்தையோடு வருபவர் அதன் மணிக்கட்டில் பேனாவால் போன் நம்பரை எழுதிவிடவும். முடிந்ததும் தோற்ற பக்கம் முதலில் வெளியேறட்டும். ஜெயித்தவர்கள் 20 நிமிடம் உட்கார்ந்து பாடுங்கள். உங்கள் மகிழ்ச்சியும் குறையாது, வாசலில் நெரிசலும் பாதியாகும்.

பேனர் செய்பவர்களுக்கு

எதிர்கேலரி ஓட்டப்பாதைக்கு அப்பால் 150 மீட்டருக்கு மேல் இருப்பதால் எழுத்தின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது, கோட்டின் தடிமன் 20 சென்டிமீட்டர். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் உயரப் பேனருக்கு ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் நாலு பட்டை, தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து 42 மீட்டர். காடாத்துணி பெயிண்டைக் குடித்துக் கனத்துவிடும், மழை பெய்தால் தூக்கவே முடியாது. மெல்லிய பாலியஸ்டர் எடுங்கள். முழுப்பரப்பும் பூச எமல்ஷன் சுமார் 10 லிட்டர், பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து. ஈரம் காயாமல் மடித்தால் ஒட்டிக்கொண்டு எழுத்து உரியும், ஒரு முழு நாள் காயவிடுங்கள். மேலும் கீழும் ஒன்றரை மீட்டருக்கு ஒருவர் என 14 பேர் பிடிக்க வேண்டும். துணிக்குக் கீழே பட்டாசும் சிகரெட்டும் அறவே கூடாது.

வாசகம்தான் முக்கியம். 2020 ஜனவரி டெர்பியில் ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பிடித்த வாசகத்தின் பொருள்: ரத்தம் கொடுத்து வாங்கிய மண், காகிதம் காட்டி அல்ல. குடியுரிமை ஆவணம் பற்றி நாடே கொதித்த நேரம் அது. எதிரணியை ஒரு சொல்லாலும் தொடாமல் தங்கள் வரலாற்றைச் சொன்னதால் அந்த வாசகம் இன்றும் நினைவில் நிற்கிறது. அன்றைய ஆட்டத்தில் வென்றது மோகன் பகான், 2–1.

கை மீறும்போது

1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸ். களத்தில் ஒரு ஃபவுல், கேலரியில் அடிதடி, பிறகு நெரிசல். 16 ரசிகர்கள் இறந்தார்கள். நெரிசலில் மாட்டினால் குத்துச்சண்டைக்காரர் போல இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் பிடியுங்கள். எதிர்த்துத் தள்ளாமல், கூட்டம் தளரும் நொடியில் குறுக்காக ஓரம் நோக்கி நகருங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனியாதீர்கள். அருகில் விழுந்தவரின் ஜெர்சி என்ன நிறமானாலும் கையைக் கொடுத்துத் தூக்குங்கள்.

உங்கள் வரிசையில் ஒருவர் கல்லையோ பாட்டிலையோ கையில் எடுத்தால் பக்கத்தில் இருப்பவரே தடுக்க வேண்டும். போலீஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். 2012 டிசம்பர் டெர்பியில் கேலரியிலிருந்து வந்த கல் மோகன் பகானின் ரஹீம் நபியைத் தாக்கியது. அவர் அதற்கு முன் ஈஸ்ட் பெங்காலின் செல்லப்பிள்ளை. மோகன் பகான் இரண்டாம் பாதிக்கு இறங்கவில்லை. அதற்கு அந்த கிளப் புள்ளிகளையும் 2 கோடி ரூபாய் அபராதத்தையும் கொடுத்தது.

தோற்ற நண்பருக்கு அன்றிரவு மீம் அனுப்பாதீர்கள், மறுநாள் காலைவரை பொறுக்கலாம். பெரிய தோல்வி என்றால் ஒருமுறை போன் செய்து குரலைக் கேளுங்கள். 1975இன் அந்த 5–0க்குப் பிறகு மோகன் பகான் ரசிகரான ஓர் இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஐந்து விரலைக் காட்டும்போது இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2024 ஆகஸ்ட் 18இல் டியூரண்ட் கோப்பை டெர்பி ரத்தானது. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட மருத்துவருக்கு நீதி கேட்டு, இரு கிளப் ரசிகர்களும் நகரின் இன்னொரு பெரிய கிளப்பான முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் அதே ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாகத் திரண்டார்கள். மோகன் பகான் ரசிகர் ஒருவர் ஈஸ்ட் பெங்கால் ரசிகரைத் தோளில் சுமந்து நிற்கும் படம் அன்று எங்கும் பரவியது. இதெல்லாம் ஒரே நாளில் முளைப்பதல்ல. ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அங்கே கால்பந்து ரசிகர் தினம். 1980இல் இறந்த 16 பேரின் நினைவாக ரத்ததான முகாம் நடக்கும்.

அந்த நாளில் கொல்கத்தாவில் இருந்தால் எதிரணி நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். முந்தைய தானத்திலிருந்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தண்ணீர் நிறையக் குடித்துவிட்டுச் செல்லுங்கள். ஜெர்சியின் கை தளர்வாக, முழங்கைக்கு மேல் சுருட்டும்படி இருக்கட்டும்.