முதல்முறையாகச் சுற்றுச்சூழல் போஸ்டர் வடிவமைக்கிறீர்களா? படிப்படியாகச் செய்து பார்ப்போம்

சுற்றுச்சூழல் போஸ்டர் என்றதும் பெரும்பாலும் ஒரே படம்தான் மனதில் வரும். இரண்டு கைகள் ஏந்திய பூமி உருண்டை, மேலே ஒரு இலை, கீழே 'இயற்கையைக் காப்போம்'. பார்ப்பவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நாளை காலை அவர் என்ன செய்ய வேண்டும் என்பது அதில் எங்குமே இல்லை. அதைச் சொல்லும் ஒரு போஸ்டரை முதலிலிருந்து செய்து பார்ப்போம். பொருள்: தீர்ந்துபோன பேட்டரிகள்.

படி 1: ஒரே ஒரு செயல்

"இதைப் பார்த்தவர் ______ வேண்டும்." இந்த வாக்கியத்தைத் தாளில் எழுதி, கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். 'மின்கழிவைக் குறைக்க' என்று எழுதினால் அதைப் படமாக வரைவது கடினம். 'தீர்ந்த பேட்டரியைக் குப்பையில் போடாமல் ஒரு பாட்டிலில் சேர்த்து, சேகரிப்பு மையத்தில் கொடுக்க' என்றால் உடனே கை வரையத் தொடங்கிவிடும். காரணமும் ஒன்றே போதும்: லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கலாம். மண் மாசு, நீர் மாசு எல்லாம் உண்மைதான். அவற்றுக்கு வேறு போஸ்டர் செய்யலாம்.

படி 2: எதைக் காட்டுவது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். அமெரிக்காவின் அரிசோனாவில் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட் தேசியப் பூங்கா இருக்கிறது. கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டுகளை வருகிறவர்கள் எடுத்துப்போவது அங்கே நெடுநாள் பிரச்சினை. உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவர் குழுவினரும் அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டுவைத்து, இரண்டு வகைப் பலகைகளைச் சோதித்தார்கள். ஒன்றில், பலர் துண்டுகளை எடுத்துப்போனதால் காடு மாறிவிட்டது என்ற வாசகமும், பலர் எடுப்பது போன்ற படமும். மற்றொன்றில், தயவுசெய்து எடுக்காதீர்கள் என்ற வேண்டுகோளும், ஒரே ஒருவர் எடுக்கும் படமும். அவர் கையின் மேல் சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும். முதல் பலகை இருந்தபோது ஏறக்குறைய 8 சதவீதத் துண்டுகள் களவுபோயின. இரண்டாவதில் 2 சதவீதத்துக்கும் குறைவு.

குப்பை மலையைப் பெரிதாகக் காட்டும்போது 'எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்' என்ற செய்தியும் கூடவே போய்விடுகிறது. அதனால் நம் போஸ்டரில் குப்பைமேடு வேண்டாம். பாதி நிரம்பிய கண்ணாடி பாட்டில், அதில் ஒரு பேட்டரியைப் போடும் கை. ஏற்கெனவே யாரோ சேர்த்து வருகிறார்கள் என்பதை அந்தப் பாதி பாட்டிலே சொல்லிவிடும்.

படி 3: பென்சில்

கணினியைத் திறக்கும் முன் தீப்பெட்டி அளவில் பத்துக் கட்டங்கள் போட்டு, பத்து விதமாகக் கிறுக்குங்கள். அந்த அளவிலேயே புரிகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கான்வா, இங்க்ஸ்கேப் என்று எந்த வடிவமைப்பு மென்பொருளில் வேண்டுமானாலும் வரையலாம்.

படி 4: நிறம்

பச்சையை விட்டு வெளியே வாருங்கள். பருவநிலை விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல், ஒவ்வோர் ஆண்டின் வெப்பநிலையையும் ஒரு நிறக்கோடாக்கி வெளியிட்ட வெப்பப் பட்டைகளில் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. நீலத்திலிருந்து சிவப்புக்கு மாறும் கோடுகளே பூமி சூடாவதைச் சொல்லிவிட்டன. சரி என்பதற்குப் பச்சை, தவறு என்பதற்குச் சிவப்பு என்று நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்; அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் பலர் இருக்கிறார்கள். நம் போஸ்டருக்குக் கருநீலப் பின்னணி, மஞ்சள் பேட்டரிகள், வெள்ளை எழுத்து. முடித்ததும் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எழுத்து பளிச்சென்று தெரிந்தால் சரி.

படி 5: தமிழ் எழுத்து

நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவச யூனிகோடு எழுத்துருக்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் தலைப்பு ஐந்தாறு சொற்களைத் தாண்ட வேண்டாம். 'தீர்ந்த பேட்டரியைப் பாட்டிலில் போடுங்கள்' போதும். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக, எழுத்தின் அளவைப்போல ஒன்றரை மடங்கு வையுங்கள். இல்லாவிட்டால் மேல்வரியின் 'கூ', 'மு' வால்கள் கீழ்வரியின் புள்ளியிலும் 'கீ' சுழியிலும் போய் இடிக்கும். சில மென்பொருள்களில் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் 'கொ' சிதறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கும். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். ஒற்றுப்பிழை பார்க்க இன்னொருவரிடமும் கொடுங்கள். நம்மேல் நம்பிக்கை வர வேண்டிய இடத்தில் ஒரு பிழை கண்ணில் பட்டால், சொன்ன விஷயமும் அடிபடும்.

படி 6: அச்சு

ஏ3 தாள் 297 × 420 மில்லிமீட்டர். படத்தின் தெளிவு 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), வெட்டுவதற்கு நாலாபுறமும் 3 மில்லிமீட்டர் கூடுதல். கைபேசிக்கு 1080 × 1350 பிக்சல். பெரிதாக வேண்டுமென்றால் துணியில் அச்சிடுங்கள். ஃபிளெக்ஸ் பேனரில் பிவிசி பிளாஸ்டிக் இருக்கிறது, அதை மறுசுழற்சி செய்வது கடினம். இந்தச் செய்தியை அதில் அச்சிடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

படி 7: மூன்று விநாடிச் சோதனை

விஷயம் தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டி மறைத்துவிட்டு, "என்ன செய்யச் சொல்கிறது?" என்று கேளுங்கள். 'பேட்டரி பற்றி ஏதோ' என்றால் படி 3க்குத் திரும்புங்கள். 'பாட்டிலில் சேர்க்கச் சொல்கிறது' என்றால் சேகரிப்பு மையத்தின் முகவரியைக் கீழே சேர்த்து, முடிந்தால் ஒரு காலி பாட்டிலையும் பக்கத்திலேயே வைத்து ஒட்டுங்கள்.