எக்செல்லில் எண், டெக்ஸ்ட், தேதி: ஒன்றை மற்றொன்றாக மாற்றும் ஃபார்முலாக்கள்

வங்கியிலிருந்து இறக்கிய கணக்கு அறிக்கையை எக்செல்லில் திறக்கிறீர்கள். தொகைகள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. கீழே சம் போட்டால் விடை 0. ஃபார்முலாவில் தவறு இல்லை. அந்தச் செல்களில் இருப்பது எண் அல்ல, எண்ணைப் போலத் தெரியும் டெக்ஸ்ட். சம் ஃபார்முலா, செல் வரம்பில் இருக்கும் டெக்ஸ்ட்டைக் கூட்டாமல் தாண்டிப் போய்விடும்.

செய்முறைக்கு முன் ஒரு விஷயம். ஃபார்முலாக்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். செல்லில் அவற்றை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இவை கூகுள் ஷீட்ஸிலும் வேலை செய்யும்.

படி 1: உள்ளே இருப்பது என்ன?

எதையும் நாமாக மாற்றாதவரை எண் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், டெக்ஸ்ட் இடப்பக்கம் நிற்கும். சந்தேகம் இருந்தால் பக்கத்துச் செல்லில் இதைப் போடுங்கள்:

=இஸ்நம்பர்(பி2)

ஃபால்ஸ் என்று வந்தால் அது எண் அல்ல. பலரும் உடனே செல்லின் ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றிப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காது. ஃபார்மேட் தோற்றத்தைத்தான் மாற்றும். உள்ளே கிடக்கும் மதிப்பு அப்படியே இருக்கும். புதிதாகக் கற்பவர்கள் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 2: டெக்ஸ்ட்டை எண்ணாக்குவது

சுத்தமான டெக்ஸ்ட் என்றால் =வேல்யூ(பி2) போதும். =பி2*1 என்றாலும் அதே விடைதான். ஆனால் இறக்கிய கோப்புகளில் காற்புள்ளியும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளியும் கலந்திருக்கும். அதிலும் இணையப் பக்கங்களிலிருந்து வரும் ஒரு வகை இடைவெளி (அதன் குறியீட்டு எண் 160) கூடுதல் இடைவெளிகளை நீக்கும் ட்ரிம் ஃபார்முலாவுக்கு அசையாது. அதைத் தனியாக நீக்க வேண்டும்:

=வேல்யூ(ட்ரிம்(சப்ஸ்டிடியூட்(சப்ஸ்டிடியூட்(பி2,",",""),கேர்(160),"")))

உள்ளிருந்து வெளியே படியுங்கள். முதலில் காற்புள்ளி போகிறது, அடுத்து கேர்(160) (ஆங்கிலத்தில் CHAR) குறிக்கும் அந்த இடைவெளி, பிறகு ட்ரிம் மீதி இடைவெளிகளை எடுக்கிறது, கடைசியில் வேல்யூ எண்ணாக்குகிறது. "1,25,000.00" இப்போது 125000 ஆகிவிடும்.

பற்று, வரவு என்று இரண்டு நெடுவரிசைகள் இருந்தால் ஒன்றில் செல் காலியாக இருக்கும். அங்கே இந்த ஃபார்முலா #வேல்யூ! என்று பிழை காட்டும். அதனால் முன்னால் இஃப் சேர்த்துக்கொள்ளுங்கள்: =இஃப்(பி2="",0, ...). மூன்று புள்ளி இருக்கும் இடத்தில் மேலே உள்ள ஃபார்முலா வரும். எல்லாம் சரியாக வந்த பிறகு, விடைகளை காப்பி செய்து பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் மட்டும் ஒட்டுங்கள்.

படி 3: தேதி

இங்கேதான் நிதானம் வேண்டும். எக்செல்லுக்குத் தேதி என்பதே ஓர் எண். 1900 ஜனவரி 1 என்பது 1. 2024 ஏப்ரல் 3 என்பது 45385. இரண்டு தேதிகளைக் கழித்தால் நாட்கள் கிடைப்பது இதனால்தான்.

"03/04/2024" டெக்ஸ்ட்டாக வந்திருந்தால் டேட்வேல்யூ(ஏ2) போடலாம். ஆனால் கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்றிருந்தால் அது மார்ச் 4 ஆகிவிடும். நான் எப்போதும் இதையே பயன்படுத்துவேன், நாளும் மாதமும் இடம் மாறவே மாறாது:

=டேட்(ரைட்(ஏ2,4),மிட்(ஏ2,4,2),லெஃப்ட்(ஏ2,2))

விடை 45385 என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம், செல்லுக்குத் தேதி ஃபார்மேட் கொடுங்கள்.

ஒரே நெடுவரிசையில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். அமெரிக்க அமைப்பில் 25/04/2024 தேதியாக மாறாமல் டெக்ஸ்ட்டாகவே நின்றிருக்கும். 03/04/2024 சத்தமில்லாமல் மார்ச் 4 ஆகியிருக்கும். மூலக் கோப்பை மறுபடி எடுத்து, எக்செல்லுக்குள் கொண்டுவரும்போதே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்து, பிறகு மேலே உள்ள ஃபார்முலாவைப் போடுவதே பாதுகாப்பான வழி. இந்தத் தானியங்கி மாற்றம் விஞ்ஞானிகளையும் விடவில்லை. மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், அவற்றின் பெயர்களே மாற்றப்பட்டன. அதற்கான நெறிமுறை 2020-இல் வெளியானது.

படி 4: எண்ணை டெக்ஸ்ட்டாக்குவது

ஏ2-வில் (டெக்ஸ்ட் அல்லாத) தேதி இருக்கும்போது ="கடைசித் தேதி: "&ஏ2 என்று எழுதினால் 45385 ஒட்டிக்கொண்டு வரும். டெக்ஸ்ட் ஃபார்முலாவைப் போடுங்கள்:

="கடைசித் தேதி: "&டெக்ஸ்ட்(ஏ2,"டிடி-எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்")

அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடித் தரும் வீலுக்அப் ஃபார்முலா, கண்முன் இருக்கும் எண்ணைக் காணவில்லை என்று #என்/ஏ காட்டினால், பெரும்பாலும் ஒரு பக்கம் எண், மறுபக்கம் டெக்ஸ்ட். நீங்கள் தேடும் மதிப்பு டி2 செல்லில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் டெக்ஸ்ட் இருந்தால் டி2 என்பதற்குப் பதில் டி2&"" என்று தேடுங்கள். அட்டவணையில் எண் இருந்தால் டி2*1.

கணக்கு எண், 044 போன்ற எஸ்டிடி குறியீடு, அட்டை எண் ஆகியவற்றை எண்ணாக்கவே வேண்டாம். முன்னால் உள்ள பூஜ்யம் போய்விடும். எக்செல் 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும் என்பதால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். இவற்றை அடிக்கும் முன்பே செல்லுக்கு டெக்ஸ்ட் ஃபார்மேட் கொடுத்துவிடுங்கள்.