வீட்டில் கிடைத்த அயல்நாட்டுப் போர்ப் பதக்கம்: அவசரப்பட்டுச் செய்யக்கூடாதவை

பரணில் இருந்த பெட்டியில் மங்கிய பதக்கம் ஒன்று கிடைத்ததும் பலர் முதலில் தேடுவது புளியைத்தான். குத்துவிளக்குக்கு அது சரி, பதக்கத்துக்குக் கேடு. முதல் உலகப் போருக்காக பிரிட்டிஷ் அரசு வழங்கிய வட்டப் பதக்கங்களின் விளிம்பில், பெற்றவரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். தேய்க்கத் தேய்க்க அந்த எழுத்துகள் மழுங்கிவிடும். அவை போனால் அது யாருடைய பதக்கம் என்பதும் போயிற்று. ஆகவே முகப்பைவிட விளிம்பை முதலில் பாருங்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1914-15 நட்சத்திரம் எனப்படும் நட்சத்திர வடிவப் பதக்கம் என்றால் பெயர் பின்பக்கத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டல் வீட்டில் வழங்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் பெயர்களை ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள்.

அடுத்த தவறு, மன்னர் தலையைப் பார்த்தவுடன் "வீரத்துக்குக் கொடுத்தது" என்று முடிவுகட்டுவது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ், மறுபக்கம் மண்டையோட்டை மிதிக்கும் குதிரைமேல் ஆடையில்லா வீரன் என்றால், அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். போரில் பணியாற்றியதற்காகப் பல லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. பெரும்பாலும் வெள்ளி. வெண்கலத்தில் இருந்தால் போலி என்று எறிந்துவிடாதீர்கள்! சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படையினருக்கு அதையே வெண்கலத்தில்தான் கொடுத்தார்கள். உழைத்தவர்களுக்கு மட்டும் உலோகத்தைக் குறைத்த அந்தப் பாகுபாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த வெண்கல வட்டத்தை வெள்ளியைவிடப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பேன்.

ஆண்டுகளும் ஏமாற்றும். ஜெர்மானிய இரும்புச் சிலுவையின் முதல் உலகப் போர் வடிவத்தில், இரண்டாம் வகுப்புச் சிலுவைக்கு முன்பக்கம் 1914 என்றும் பின்பக்கம் 1813 என்றும் இருக்கும். 1813 அந்த விருது தொடங்கிய ஆண்டு. பின்பக்கத்தை மட்டும் பார்த்து நெப்போலியன் காலத்துப் பொருள் என்று நம்பிவிடக்கூடாது.

ரிப்பனை வைத்து நாட்டைச் சொல்வதும் ஆபத்து. முதல் உலகப் போர் வெற்றிப் பதக்கத்துக்கு பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, அமெரிக்கா, ஜப்பான் எல்லாமே ஒரே வானவில் ரிப்பனைத்தான் பயன்படுத்தின. பல நாடுகளின் பதக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை நிற்பாள். ஜப்பானியப் பதக்கத்தில் போர்க் கடவுள். போதாததற்கு, நைந்த ரிப்பனுக்குப் பதில் கையில் கிடைத்ததை யாரோ மாட்டியிருக்கவும் கூடும்.

ஆறு முனை நட்சத்திரத்தின் நடுவில் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள் தெரிந்தால், அவை சிப்பாயின் இனிஷியல் அல்ல. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள். பர்மா நட்சத்திரம் உட்பட இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்கள் இந்த வகை. இவற்றை பிரிட்டிஷ் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். பெயர் இல்லை என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது.

வெள்ளிக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள்; அங்கே எடைக்குத்தான் காசு. ஒரே ஆளின் பதக்கங்களை அண்ணன் தம்பிகள் ஆளுக்கொன்றாகப் பங்கு போடுவதும் வேண்டாம். இருபுறமும் விளிம்பும் தெரியப் படம் எடுங்கள். விளிம்பில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படை) என்று இருந்தால், விசாரிக்க அந்தப் படையின் இன்றைய தலைமையகம் பெங்களூருவில் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில். போரில் இறந்தவர் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பெயரையும் எண்ணையும் இட்டுத் தேடலாம்.