எட்டுக் கம்பனிகள், ஒரே பந்தயம்: சட்டபூர்வக் கஞ்சாத் துறை முதலீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவில் ஓர் அண்ணனோ மச்சாளோ இல்லாத குடும்பம் திருகோணமலையில் அரிது. அதனால்தான் 2018 ஒக்டோபர் 17 அன்று வயதுவந்தோர் கஞ்சா பயன்படுத்துவதை அந்நாடு சட்டபூர்வமாக்கியபோது, அது உவர்மலைக்கும் உப்புவெளிக்கும் ஒரு முதலீட்டுச் செய்தியாகவே வந்து சேர்ந்தது. அன்று பங்கு வாங்கியவர்கள் விட்ட பிழைகளையே, இன்று ஜேர்மனியையும் அமெரிக்காவையும் காட்டிப் புதியவர்கள் திரும்பவும் விடுகிறார்கள். உறவினர்களின் பங்குக் கணக்குகளைப் பார்த்துக்கொடுப்பது நெடுங்காலமாக என் வேலைகளுள் ஒன்று என்பதால், அவர்களுடைய பட்டியல்கள் என் மேசைக்கு வருகின்றன. வதந்தியை நம்ப வேண்டாம், பேராசை வேண்டாம் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை, தெரிந்தும் செய்வார்கள்.

பெயர்களை எண்ணிவிட்டுப் பரவலாக்கம் என்று சொல்லுதல்

2019 தொடக்கத்தில் நிலாவெளி ஹொட்டேல் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தம்பி, ஸ்காபரோவிலுள்ள தன் அக்காவின் கணக்கில் வாங்குவித்த பங்குகளை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். கனொப்பி குரோத், அவுரோரா, டில்ரே, அஃப்ரியா, ஹெக்ஸோ, குரோனோஸ், ஓர்கானிகிராம், கான்ட்ரஸ்ட் என்று எட்டுப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரே தொகை. கூட்டுத்தொகையின் கீழே அடிமட்டம் வைத்து இழுத்த இரட்டைக் கோடு. “அண்ணை, எட்டாய்ப் பிரிச்சுப் போட்டிருக்கிறன், ஒண்டு விழுந்தாலும் மற்றதுகள் தாங்கும்” என்றார். எட்டு வலையையும் ஒரே வள்ளத்தில் ஏற்றிவிட்டு வலைகளை எண்ணுகிறார் என்று அவருக்கு விளக்கப் பாடுபட்டேன். அவர் வீட்டுக்குப் போய் ஒன்பதாவதாக ஒரு நிதியத்தையும் வாங்கச் சொன்னார். 2017 ஏப்ரலில் ரொறன்ரோ பங்குச் சந்தையில் தொடங்கப்பட்ட கஞ்சாத் துறை ஈ.ரி.எஃப் அது, அதாவது பல கம்பனிகளின் பங்குகளை ஒன்றாகத் திரட்டி வைத்து, தானும் சந்தையில் ஒரு பங்குபோல விற்கப்படும் நிதியம். அதன் பெரும்பகுதி அவரிடம் ஏற்கெனவே இருந்த அதே கம்பனிகளின் பங்குகள்தான்.

இந்த எட்டுக் கம்பனிகளும் ஒரே நாட்டில், ஒரே மத்திய சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரத்தை நம்பி, ஒரே பொருளை வளர்த்து, பெரும்பாலும் ஒரே வகை வாங்குநருக்கு, அதாவது மாகாண அரசுகளின் மொத்த விற்பனை அமைப்புகளுக்கு, விற்றுக்கொண்டிருந்தன. அதிக சனத்தொகை கொண்ட ஒன்ராறியோவில் சட்டம் நடைமுறைக்கு வந்த அன்று ஒரு கடைகூட இருக்கவில்லை. இணையவழி விற்பனை மட்டுமே இருந்தது. 2019 ஏப்ரல் 1 அன்று கடைகளைத் திறக்க அனுமதித்தபோதும், குலுக்கல் மூலம் 25 பேருக்கே வாய்ப்பு வழங்கப்பட்டது. ஆனால் கம்பனிகளோ புதுப் பங்குகளை வெளியிட்டுத் திரட்டிய பணத்தில் கண்ணாடி வளர்ப்பகங்களை ஏக்கர் கணக்கில் கட்டிவிட்டிருந்தன. சரக்கு களஞ்சியத்தில் தேங்கியது, விலை இறங்கியது, கணக்கேடுகளில் பெறுமதி வெட்டப்பட்டது, அந்தக் குழியை மூட இன்னும் பங்குகள் வெளியிடப்பட்டன.

உற்பத்தித் தீர்வை என்னும் வரியும் எல்லோரையும் ஒன்றாகவே அடித்தது. கனடாவில் உலர்ந்த கஞ்சாவுக்கான உற்பத்தித் தீர்வை கிராமுக்கு 1 டொலர் அல்லது உற்பத்தியாளர் விலையில் நூற்றுக்குப் பத்து, இவற்றுள் எது கூடவோ அது. கிராம் 10 டொலருக்குப் போனால் இரண்டும் ஒன்றுதான். 4 டொலருக்கு இறங்கினால் நாலில் ஒரு பங்கு தீர்வைக்கே போய்விடும். விலை இறங்க இறங்க வரியின் பாரம் ஏறும் இந்த அமைப்பிலிருந்து நல்ல நிர்வாகம் உள்ள கம்பனியும் தப்ப முடியாது, கெட்ட நிர்வாகம் உள்ளதும் தப்ப முடியாது.

கான்ட்ரஸ்டின் கதை வேறு. அனுமதி பெறாத அறைகளில் அது செடி வளர்த்தது 2019 ஜூலையில் வெளிவந்தது. செப்டெம்பரில் அனுமதிப்பத்திரங்கள் இடைநிறுத்தப்பட்டன. 2020 மார்ச்சில் அது கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. ஒரு கம்பனி தன் சொந்தக் குற்றத்தால் விழுவதைத் தாங்குவதற்குத்தான் பணத்தைப் பிரித்துப் போடுகிறோம், அந்த அளவில் தம்பியின் எட்டும் பயன்பட்டிருக்க வேண்டும். ஆனால் மற்ற ஏழும் பொதுக் காரணங்களால் கூடவே இறங்கிக்கொண்டிருந்தன. தாங்குவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பின்னர் 2021 இல் அஃப்ரியாவும் டில்ரேயும் இணைந்தன, 2023 இல் டில்ரே ஹெக்ஸோவை வாங்கியது. ஆக, அந்தத் தாளிலிருந்த எட்டுப் பெயர்களுள் மூன்று இன்று ஒரே கம்பனி.

இந்தப் பிழை எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம், இதைச் செய்பவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர் என்பதுதான். அசட்டையாகப் போட்டவர் சிறு தொகை போட்டு, இழந்து, மறந்துவிட்டார்; கொப்பித் தாளில் இரட்டைக் கோடு இழுத்தவர்கள் தாங்கள் பாதுகாப்பாக இருப்பதாக நம்பிப் பெருந்தொகை போட்டார்கள்.

அண்மையில் வந்த ஒரு பட்டியலில் கியூரலீஃப், கிரீன் தம்ப், ட்ரூலீவ், கிரெஸ்கோ லாப்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனிகள் இருந்தன; அவற்றையே உள்ளடக்கிய ஓர் ஈ.ரி.எஃப் இருந்தது, “இது காணி, அது கஞ்சா, ரெண்டும் வேற வேற” என்ற விளக்கத்துடன் இனோவேட்டிவ் இண்டஸ்ட்ரியல் புரொப்பர்ட்டீஸ் என்ற காணி-கட்டட நிறுவனமும் இருந்தது. அந்த நிறுவனம் நியூயோர்க் பங்குச் சந்தையில் இருப்பது உண்மை; அதன் சொத்துகள் கட்டடங்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கட்டடங்களில் குத்தகைக்கு இருப்பவர்கள் கஞ்சாக் கம்பனிகள்தான். 2024 டிசெம்பரில் அதன் பெரிய குத்தகைக்காரர்களுள் ஒன்றான பார்மாகான் குத்தகைப் பணம் கட்டத் தவறியதாக அறிவிக்கப்பட்டதும் பங்கு விலை சரிந்தது.

அமெரிக்கக் கம்பனிகள் எல்லாவற்றின் தலைவிதியும் வாஷிங்டனில் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தது. 1970 ஆம் ஆண்டின் மத்திய சட்டம் கஞ்சாவை, மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படும் போதைப்பொருள்களுக்கான முதலாம் அட்டவணையில் வைத்தது. 1982 இல் கொண்டுவரப்பட்ட 280ஈ என்னும் வரிப்பிரிவு, முதலாம் இரண்டாம் அட்டவணைப் பொருள்களை விற்பவர் கடை வாடகை, சம்பளம் போன்ற சாதாரணச் செலவுகளை வரிக் கணக்கில் கழிக்க விடாது. கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் முன்மொழிவு 2024 இல் வந்தபின், அதுபற்றி ஒரு நல்ல செய்தி வந்தால் இந்தக் கம்பனிகள் எல்லாம் ஒன்றாக ஏறுவதையும், தாமதம் என்றால் ஒன்றாக இறங்குவதையும் பார்க்கலாம். நாலு பெயரும் ஒரு நிதியமும் ஒரு காணி நிறுவனமும் வைத்திருப்பவர் உண்மையில் ஒரே தீர்மானத்தின்மீதுதான் பணம் கட்டியிருக்கிறார்.

ஆகவே பட்டியலுடன் வருபவர்களிடம், பெயருக்கு நேரே தொகையை எழுத முன்னர், அந்தப் பெயரை விழுத்தக்கூடிய முதற்காரணத்தை எழுதச் சொல்கிறேன். ஒரே காரணம் இருமுறை வந்தால் அவ்விரண்டையும் ஒன்றாக எண்ண வேண்டும். உண்மையில் வேறுபட்டவை உண்டு. கஞ்சாச் சேர்வையிலிருந்து எபிடியோலெக்ஸ் என்னும் வலிப்பு மருந்தை உருவாக்கிய ஜீ.டபிள்யூ நிறுவனம் 2018 ஜூனில் அமெரிக்காவின் மருந்து அங்கீகாரத்தைப் பெற்றது. மாகாணக் கடைகளின் எண்ணிக்கையோ கிராமுக்கான தீர்வையோ அதைத் தொடவில்லை. 2021 இல் ஜாஸ் பார்மசூட்டிக்கல்ஸ் அதை வாங்கிக்கொண்டது. மாறாக, வளர்ப்போருக்கு விளக்கும் பசளையும் விற்கும் கம்பனிகள் வேறு தொழில் போலத் தோன்றினாலும், வளர்ப்போர் கையைச் சுருக்கினால் அவற்றின் விற்பனையும் சுருங்கும். இவ்வளவும் பார்த்துப் பிரித்த பின்னரும், துறை முழுவதற்கும் சேர்த்து ஒருவருடைய மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது என்பது என் கருத்து. மீதி நிலையான வைப்பிலும், அரசின் குறுங்காலக் கடன் பத்திரமான திறைசேரி உண்டியலிலும் இருப்பதைச் சலிப்பான ஆலோசனை என்கிறார்கள். இருக்கட்டும்.

சட்டம் முன்னோக்கித்தான் போகும் என்று நம்புதல்

தாய்லாந்து 2022 ஜூன் 9 அன்று கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது, கடைகள் பெருகின, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திருப்பியது. ஜேர்மனியின் 2024 ஏப்ரல் சட்டத்தையும் பலர் கடைச் சட்டம் என்று நினைக்கிறார்கள். அது வீட்டில் மூன்று செடிகளையும் இலாப நோக்கற்ற சங்கங்களையும் அனுமதிக்கும் சட்டம். அதன்பின் பெருகியது மருத்துவக் கஞ்சாவின் இறக்குமதிதான்.

விலை குறைந்த பங்கை மலிவான பங்கு என்று எண்ணுதல்

அவுரோரா 2020 மே மாதத்தில் 12 பங்குகளை ஒன்றாக்கியது. 2024 பெப்ரவரியில் மீண்டும் 10 பங்குகளை ஒன்றாக்கியது. பழைய 1200 பங்குகள் வைத்திருந்தவரிடம் இன்று இருப்பவை 10. கைப்பேசித் திரையிலுள்ள வரைபடம் பழைய விலைகளையும் இதற்கேற்ப மாற்றிக் காட்டுவதால், ஒரு காலத்தில் பங்கு ஆயிரம் டொலருக்கு மேல் விற்றது போலத் தெரியும். யாரும் அந்த விலைக்கு வாங்கவில்லை. அங்கே திரும்பிப் போகும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

கடன் வாங்கிப் போடுதல்

வேண்டாம். நகை அடகும் கடன்தான்.

செடியில் பங்கு வாங்குதல்

பங்குச் சந்தை சிக்கலானது என்று சலித்தவர்களுக்காக, “ஒரு செடியை வாங்குங்கள், நாங்கள் வளர்த்து விற்று இலாபம் தருகிறோம்” என்னும் திட்டங்கள் வருகின்றன. ஐரோப்பாவில் ஜூசிஃபீல்ட்ஸ் இப்படித்தான் 50 யூரோவிலிருந்து பணம் சேர்த்தது. முதலில் போட்டவர்களுக்குப் பணம் திரும்பி வந்தது, அவர்களே விளம்பரமானார்கள், 2022 ஜூலையில் கணக்குகள் முடங்கின. 2024 ஏப்ரலில் பல நாடுகளில் கைதுகள் நடந்தபோது, இழப்பு 645 மில்லியன் யூரோ என ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது. சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பனி நட்டத்தைக் காலாண்டுக் கணக்கிலாவது எழுத வேண்டும். செடித் திட்டத்துக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. இதையும் ஒரு பரவலாக்கம் என்று பட்டியலில் சேர்த்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

உள்ளூர்க் கஞ்சாத் திட்டம் என்று காசு கொடுத்தல்

இலங்கை முதலீட்டுச் சபை 2025 இல் அனுமதித்தது, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் ஏற்றுமதிக்காக மட்டும் வளர்ப்பதை. அதைக் காட்டித் திருகோணமலையில் பங்குப் பணம் கேட்பவரிடம் பேசவே தேவையில்லை. கஞ்சா வைத்திருப்பது இங்கே இன்றும் குற்றம்.

அக்காவின் பெயரில் வாங்கிவிட்டு எழுத்தில் ஒன்றும் இல்லாதிருத்தல்

இங்கே வசிப்பவர் வெளிநாட்டுப் பங்கில் முதலிடுவது 2017 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டது. பணம் வங்கியின் வெளிமுக முதலீட்டுக் கணக்கு வழியாகப் போக வேண்டும், உச்ச வரம்புகளும் உண்டு. பலர் இந்தச் சிரமத்தைத் தவிர்க்க, வங்கியை விட்டுத் தரகர் கையால் பணம் அனுப்பும் உண்டியலில் காசு அனுப்பி, கனடாவிலுள்ளவர் பெயரில் வாங்குவிக்கிறார்கள். உண்டியல் சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறமிருக்க, அந்தப் பங்குகள் யாருடையவை என்று காட்ட ஒரு துண்டும் இருப்பதில்லை. அக்காவின் குடும்பத்தில் ஒரு விவாகரத்தோ மரணமோ நேர்ந்தால், அவை அக்காவின் சொத்தாகவே பிரிக்கப்படும். தம்பி வைத்திருக்கும் கொப்பித் தாள் எந்த நீதிமன்றத்திலும் அதிகம் பேசாது.

வங்கி வழியாக அனுப்பிய பணத்துக்கும் இது பொருந்தும். எந்தப் பங்கு, எத்தனை, என்ன விலை, யாருடைய பணம் என்பவற்றை வாங்கும் நாளிலேயே இருவரும் மின்னஞ்சலில் எழுதிக்கொள்ள வேண்டும். பங்குகள் ஒன்றாக்கப்படும்போது புதிய எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கனடாவில் மூலதன இலாபத்தின் அரைவாசி கணக்குக்கு உரியவரின் வருமானத்துடன் சேர்த்து வரிவிதிக்கப்படும். இலாபத்தில் விற்றால் அந்த வரியைக் கட்டுபவர் அக்காதான், ஆகவே அதை யார் பொறுப்பது என்பதும் அதே மின்னஞ்சலில் இருக்க வேண்டும்.