சிறிய உடல்வாகுள்ள ரன்னிங் பேக்கை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஏப்ரலிலும் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கும்போது, அவர்களைப் பற்றிக் குறிப்பெழுதப் புதிதாகச் சிலர் வருகிறார்கள். ஆட்டப் பதிவுகளை ஓட்டிப் பார்த்து மதிப்பிடும் பழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு என்பதால், அவர்கள் எழுதுவது என் பார்வைக்கும் வருகிறது. ஐந்தடி எட்டு அங்குலமுள்ள ரன்னிங் பேக் (பந்தைச் சுமந்து ஓடுபவர்) ஒருவர் கண்ணில் பட்டால் போதும், குறிப்புகள் இரண்டாகப் பிரிந்துவிடும். "இந்த உடம்பு தாங்காது" என்று சிலர் முதல் வரியிலேயே ஒதுக்கிவிடுவார்கள். "அடுத்த பாரி சாண்டர்ஸ்" என்று, புகழ்பெற்ற அந்த ரன்னிங் பேக்கோடு ஒப்பிட்டு, சிலர் தலையில் தூக்கிவைப்பார்கள். நானும் இந்த இரண்டு வரிகளையும் எழுதியவன்தான். இரண்டுக்கும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை என்பதுதான் சிக்கல்.

பலவீனமான எதிரணிகளிடம் குவித்த யார்டுகளை நம்பக் கூடாது என்பது போன்ற, எல்லோரும் அறிந்த எச்சரிக்கைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

உயரத்தையும் எடையையும் ஒன்றாக்குவது

'சிறியவர்' என்று எழுதும்போது எது சிறியது என்று சொல்லுங்கள். பாரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம். ஆனால் எடை சுமார் 200 பவுண்டு, அதாவது 91 கிலோ. மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ 5 அடி 7 அங்குலம். எடை 94 கிலோவுக்குக் குறையாது. 2011-ல் 1,606 யார்டு ஓடி, அந்த ஆண்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்தவர் அவர். 18,355 யார்டுகளுடன் இன்றும் சாதனைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் எம்மிட் ஸ்மித்தும் 5 அடி 9 அங்குலம்தான்.

உயரம் குறைவாக இருப்பது இந்த வேலையில் பெரும்பாலும் அனுகூலமே. ஆறரை அடித் தடுப்பாளர்களுக்குப் பின்னால் அவர் இருக்குமிடம் எதிரணிக்குச் சட்டென்று தெரியாது. மோதும்போது தோள் தாழ்ந்தே இருப்பதால், அவருடைய உந்துவிசை எதிராளியின் மார்புக்குக் கீழே போய்ச் சேரும். கவலைப்பட வேண்டியது எடையைப் பற்றி. 2023 டிராஃப்டில் டல்லாஸ் அணி ஆறாம் சுற்றில் எடுத்த டியூஸ் வானின் அளவு 5 அடி 5 அங்குலம், 179 பவுண்டு. அவரும், அவரைப் போலவே குட்டையான முன்னாள் ரன்னிங் பேக் டேரன் ஸ்புரோல்ஸும் கேன்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள் என்பதால் ஒப்பீடு எளிதாகக் கிடைத்தது. ஆனால் ஸ்புரோல்ஸ் சுமார் 190 பவுண்டு. குட்டையான உடலில் அந்தப் பத்துப் பவுண்டு தொடையிலும் இடுப்பிலும் இருக்கிறது. முதல் மோதலில் விழுவாரா, தடுமாறியபடியே இன்னும் மூன்று யார்டு போவாரா என்பதை அது தீர்மானிக்கிறது.

"ஸ்புரோல்ஸ் சாதிக்கவில்லையா?"

சாதித்தார். எந்த வேலையில் என்று பாருங்கள். 2011-ல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக அவர் எடுத்த மொத்த யார்டுகள் 2,696. அப்போது அது லீக் சாதனை. அதில் பந்தைச் சுமந்து ஓடியது 603 யார்டு. எறியப்பட்ட பந்தைப் பிடித்து எடுத்தது 710. பாதிக்கு மேல், எதிரணி உதைத்த பந்தை வாங்கி ஓடும் கிக் ரிட்டர்னிலும் பன்ட் ரிட்டர்னிலும் வந்தது. நீண்ட தொழில்முறை வாழ்க்கையில் ஒரு சீசனில்கூட அவர் நூறு முறை பந்தைச் சுமந்ததில்லை. "ஸ்புரோல்ஸ் போல வருவார்" என்று எழுதும் இளைஞர்கள் அதே மூச்சில் "ஆட்டத்துக்கு இருபது முறை பந்தைக் கொடுக்கலாம்" என்கிறார்கள். அந்தச் சுமைக்கு ஒப்பிட வேண்டியவர் வாரிக் டன். 5 அடி 9 அங்குல உயரமும் 85 கிலோவுக்குள் எடையும் கொண்டு 10,967 யார்டு ஓடியவர். அவரைப் போல இன்னொருவரைத் தேடிப் பாருங்கள், எவ்வளவு அரிது என்று புரியும்.

கல்லூரி அணி வெளியிடும் உயரம்

நம்பாதீர்கள். டிராஃப்டுக்கு முன் நடக்கும் சோதனை முகாமான இண்டியானாபொலிஸ் கம்பைனில் அளந்ததை மட்டும் எழுதுங்கள்.

கையில் பந்து இல்லாத நேரத்தைப் பார்க்காமல் விடுவது

என்னைத் தொடர்ந்து எரிச்சலூட்டும் தவறு இது. விலையும் இதற்குத்தான் அதிகம்.

சென்ற வசந்தத்தில் ஓர் இளைஞர், தமக்குப் பிடித்த ரன்னிங் பேக் ஒருவரின் ஓட்டங்களைத் தொகுத்துக் கொண்டுவந்தார். அருமையான ஓட்டங்கள். குறிப்பின் கடைசியில் "மூன்றாவது டவுனுக்கு (மூன்றாவது வாய்ப்புக்கு) ஏற்றவர்" என்று எழுதியிருந்தார். பந்தை எறியும் குவாட்டர்பேக் மீது எதிரணி கூடுதல் ஆட்களை ஏவும் பிளிட்ஸை அந்த வீரர் தடுத்த காட்சிகளைக் காட்டுங்கள் என்றேன். ஒன்றுகூட இல்லை. இளைஞர் அதைத் தேடியதே இல்லை. ஒரு முழு ஆட்டத்தை முதலிலிருந்து ஓட்டினோம். மூன்றாவது டவுன் வரும்போதெல்லாம் அந்த வீரர் வெளியே போனார். இன்னொருவர் உள்ளே வந்தார். அவருடைய பயிற்சியாளரின் தீர்ப்பு, எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொரு முறையும் திரையில் இருந்தது.

பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்புகள் (டவுன்கள்) தரும் ஆட்டம் இது. மூன்றாவது வாய்ப்பில் இன்னும் ஏழெட்டு யார்டு பாக்கி என்றால் குவாட்டர்பேக் பந்தை எறியத்தான் போகிறார் என்பது அரங்கில் உள்ள எல்லோருக்கும் தெரியும். எதிரணி, முன்வரிசையினருடன், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரையோ சேஃப்டியையோ சேர்த்துக் குவாட்டர்பேக் மீது ஏவும். இதுதான் பிளிட்ஸ். தடுப்பாளர்கள் ஐவருக்கும் சிக்காமல் வருபவரை மறிப்பது, குவாட்டர்பேக்கின் பக்கத்தில் நிற்கும் ரன்னிங் பேக்கின் பொறுப்பு. அவர் கோட்டைவிட்டால் அணியின் மிக விலையுயர்ந்த வீரர் அடிபடுவார். அந்த அபாயத்தை எந்தப் பயிற்சியாளரும் இரண்டாம் முறை ஏற்கமாட்டார்.

சிறியவர், வேகமானவர், பந்தைப் பிடிப்பவர், ஆகவே மூன்றாவது டவுன் வேலைக்குப் பொருத்தம் என்று எளிதாக எழுதிவிடுகிறோம். தடுக்கும் வேலை அதிகம் வருவதும் அதே மூன்றாவது டவுனில்தான். தடுக்கத் தெரியாதவரைப் பந்து பிடிக்க மட்டும் உள்ளே அனுப்பினால், அவர் வந்த உடனேயே எதிரணிக்கு அடுத்து நடக்கப்போவது பாதி தெரிந்துவிடும்.

உடல் சிறியதென்றால் தடுக்க முடியாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். 2007-ல் சான் டியேகோ அணியின் ஷான் மெரிமன் பிளிட்ஸில் பாய்ந்து வந்தபோது ஜோன்ஸ்-ட்ரூ எதிர்கொண்டு இடித்து அவரைத் தரையில் சாய்த்தார். மெரிமன் 6 அடி 4 அங்குலம், 120 கிலோவை ஒட்டிய எடை. ஜோன்ஸ்-ட்ரூ காத்து நிற்காமல் முன்னேறிப் போய், தாழ்ந்த தோளால் இடித்ததுதான் அதன் சூட்சுமம்.

பதிவைப் பார்க்கும்போது பந்து கைமாறுவதற்கு முன் அவருடைய தலையைப் பாருங்கள். வரப்போகிறவரைத் தேடுகிறாரா, குவாட்டர்பேக்கிடம் சைகை காட்டுகிறாரா? பிறகு காலைப் பாருங்கள். உள்வழியாக வருபவரே மிகச் சீக்கிரம் குவாட்டர்பேக்கை அடைவார். அவரை நோக்கி ஓரடி முன்னெடுத்து வைக்கிறாரா? குவாட்டர்பேக்கின் காலடியிலேயே நின்றுகொண்டால் 109 கிலோ லைன்பேக்கர் முழு வேகத்தில் வந்து இருவரையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். ஒவ்வொரு முறையும் எதிராளியின் காலில் விழுந்து தடுக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். கல்லூரியில் அது பலிக்கும். தொழில்முறை வீரர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த முறை தாண்டிப் போவார்கள். இடித்து வென்றாரா என்பதைவிட, சரியான ஆளைச் சரியான நேரத்தில் கண்டுகொண்டாரா என்பதற்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். வலுவைப் பின்னால் கூட்டலாம். கண்டுகொள்ளும் புத்தி மெதுவாகத்தான் வரும்.

இன்னொரு நுணுக்கம். சில கல்லூரி அணிகள் ரன்னிங் பேக்கைத் தடுக்கவே விடுவதில்லை, எப்போதும் பந்து பிடிக்க ஓடவிடுகின்றன. அப்படியானால் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். "முடியாது" என்று எழுதாதீர்கள். அந்த இடைவெளியை, டிராஃப்டுக்குப் போகும் கல்லூரி வீரர்களுக்காக அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரில் நடக்கும் சீனியர் பவுல் பயிற்சிகள் ஓரளவு நிரப்பும். ஆனால் ஒருவருக்கு ஒருவர் என்ற அந்தப் பயிற்சியில் பாய்பவருக்கு இடம் தாராளம், சாதகமும் அவருக்கே. ரன்னிங் பேக் அங்கே தோற்றதை மட்டும் வைத்து அவரைக் கழித்துவிட வேண்டாம்.

40 யார்டு ஓட்டத்தில் முடிவெடுப்பது

எடையை 200-ஆல் பெருக்கி, ஓட்ட நேரத்தின் நான்காம் அடுக்கால் வகுத்தால் கிடைப்பது 'ஸ்பீட் ஸ்கோர்'. 188 பவுண்டுடன் 4.32 வினாடியில் ஓடிய டெவான் ஏசேனுக்கு 108 வருகிறது. 194 பவுண்டுடன் 4.65 வினாடியில் ஓடிய கைரன் வில்லியம்ஸுக்கு 83 தான். மயாமி அணியில் ஏசேன் தம் முதல் ஆண்டில் 103 ஓட்டங்களில் 800 யார்டு எடுத்தார். 2022-ல் ஐந்தாம் சுற்றுவரை யாரும் தொடாத வில்லியம்ஸ், மறு ஆண்டு 12 ஆட்டங்களிலேயே 1,144 யார்டு ஓடினார். நோட்டர்டாம் கல்லூரியில் அவர் பிளிட்ஸைத் தடுத்த விதத்தைப் பார்த்தவர்களுக்கு, பயிற்சியாளர் அவரைக் களத்திலிருந்து எடுக்கமாட்டார் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

தாங்குவாரா என்று ஊகிப்பது

சாண்டர்ஸ் பத்து சீசன், டன் பன்னிரண்டு சீசன். அடி நேராக விழுகிறதா, உரசிப் போகிறதா என்று பாருங்கள்.

பிடித்த பந்துகளின் எண்ணிக்கை

ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் நின்று வாங்கும் ஸ்கிரீன் பந்துகளைக் கழித்துவிட்டு எண்ணுங்கள். மிஞ்சுவதில், லைன்பேக்கரைத் திசைமாற்றி ஏமாற்றிவிட்டுப் பிடித்தவை எத்தனை என்று தனியாகக் குறியுங்கள். பல பேருக்கு அந்த இரண்டாம் கட்டம் காலியாகவே இருக்கும்.