டெக்சாஸ்ல ரன்ஆஃப் எலெக்ஷனா? ரெடி ஆகுங்க
மேயர் எலெக்ஷன்ல யாருக்கும் பாதிக்கு மேல ஓட்டு விழலன்னா முதல் ரெண்டு பேருக்கு நடுவுல மறுபடி நடக்கறதுதான் ரன்ஆஃப், ஹூஸ்டன்ல 2023-ல அப்படித்தான் டிசம்பர் 9 அன்னிக்கு நடந்துச்சு. கூட்டம் கம்மியா வரும், அதனாலயே உங்க ஓட்டு ரொம்ப முக்கியம், தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. முதல் ரவுண்டுல போடலன்னாலும் இதுல போடலாம், ஆனா சிட்டிசனா இருக்கணும், 30 நாள் முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும்.

டிரைவர் லைசென்ஸோ யுஎஸ் பாஸ்போர்ட்டோ எடுத்துக்கோங்க, எக்ஸ்பயர் ஆகி 4 வருஷத்துக்குள்ளன்னா செல்லும், 70 வயசு ஆன அப்பா அம்மாவுக்கு அந்தக் கணக்கே கிடையாது. பூத்துக்குள்ள போனை எடுக்க விடமாட்டாங்க, யாருக்கு போடணும்னு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. போன தடவை போட்ட பூத்தே இருக்கும்னு நம்பாம கவுன்ட்டி வெப்சைட்ல பாத்துட்டு, முடிஞ்சா எலெக்ஷன் நாளுக்கு முன்னாடி நடக்கற ஏர்லி வோட்டிங்லயே போட்டுடுங்க.