எக்லிப்ஸில் மட்டும் பிழை: இம்போர்ட்டுக்கு நடுவே இரட்டை அரைப்புள்ளி

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பராமரிக்கும், ஜாவா மொழியில் எழுதிய இருப்புக் கணக்கு மென்பொருளில் ஒரு கோப்பு எக்லிப்ஸ் என்ற நிரல் எழுதும் கருவியில் மட்டும் சிவப்புக் கோடு காட்டியது. நிரலைக் கட்டும் கருவியான மேவனில் ஒரு முணுமுணுப்பும் இல்லை. "எக்லிப்ஸில்தான் பிழை அண்ணை" என்றார் கூட வேலைசெய்யும் தம்பி. மேவனைப் போல எக்லிப்ஸ் ஜாவாசி என்ற வழக்கமான ஜாவா கொம்பைலரை (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளை) பயன்படுத்துவதில்லை; ஈசிஜே என்று அதற்குச் சொந்தக் கொம்பைலர் உண்டு. இந்த விஷயத்தில் ஈசிஜேதான் சரி.

வேறு இடத்திலுள்ள கிளாஸ்களை (நிரலின் கட்டுமான அலகுகளை) பயன்படுத்தக் கோப்பின் மேலே எழுதும் ஒரு இம்போர்ட் வரியின் முடிவில் இரண்டு அரைப்புள்ளிகள். கீழே இன்னும் இம்போர்ட்டுகள். ஜாவா இலக்கணம் தனித்த அரைப்புள்ளியைக் கிளாஸ்கள் வரும் பகுதியில் அனுமதிக்கிறது, இம்போர்ட்டுகளுக்கு நடுவே அனுமதிப்பதில்லை. ஆகவே கடைசி இம்போர்ட்டுக்குப் பின் வந்தால் சிக்கல் இல்லை. நடுவில் வந்தால் ஈசிஜே மறுக்கும். ஜாவாசியோ நெடுங்காலம் கண்டுகொள்ளாமல் விட்டது. ஜாவாசி அடங்கிய ஜாவா தொகுப்பான ஜேடிகேயின் 21 ஆம் பதிப்பில்தான் திருத்தினார்கள்: சோர்ஸ் பதிப்பு (நிரல் எந்த ஜாவா பதிப்புக்கு என்று குறிப்பது) 21 என்றால் பிழை, அதற்கு முந்தியது என்றால் எச்சரிக்கை மட்டும். நாங்கள் கட்டியது ஜேடிகே 17 இல், அதனால் அந்த எச்சரிக்கையும் வரவில்லை.

மேலதிக அரைப்புள்ளியை அழித்தேன். பிறகு திட்டம் முழுவதும் தேடினால் இன்னும் சில கோப்புகளில் இருந்தது. 21 க்கு மாறும் நாளில் எல்லாம் ஒன்றாக வெடித்திருக்கும். இப்போது ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஈசிஜேயையும் ஓடவிடுகிறோம்.